சாவைப் பற்றிச் சிரிக்கும் பிள்ளை

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு 10 வயது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். மகனுக்கு 4 வயது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். இனிப்புநீர் (சர்க்கரை) வியாதியில் ஒரு கால் போனது, அப்புறம் சிறுநீரகமும் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் தவறிவிட்டார்.

அந்தச் சமயத்தில் கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை, மலிவு விலைப் புத்தகச் சந்தையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை மகளுக்குக் கொடுத்தாள். லெமனி ஸ்னிக்கெட் என்ற சிறுவர் எழுத்தாளர் எழுதிய ‘ஹார்ஸ்ராடிஷ்’. வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி, இரண்டு வரியாகக் கசப்பும் சிரிப்புமாக எழுதியிருக்கிறார். மகளுக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் விடாமல் படிக்கிறாள். இப்போது அதே மாதிரி ஒரு நோட்டில் தமிழில் எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். சில வரிகளை அப்படியே தருகிறேன்:

“தாத்தா இனிப்பைத் தொடக்கூடாது என்று ஆறு வருஷம் எல்லாரும் காவல் காத்தார்கள். கருமக்கிரியை அன்று அதே ஆட்கள் இலையில் லட்டு, ஜாங்கிரி, பாயாசம் எல்லாம் வைத்தார்கள்.”

“தாத்தாவின் வலது கால் இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது. மீதித் தாத்தா இப்போதுதான் போய்ச் சேர்ந்தார்.”

“தாத்தா அறையில் காற்றாடி ஓடவில்லை என்று அவர் ஒரு வருஷம் சொன்னார். செத்த அன்று வாசலில் மூன்று பெரிய காற்றாடி வந்து நின்றது.”

“தாத்தா ஊருக்குப் போயிருக்கார் என்று தம்பியிடம் சொன்னார்கள். தம்பி பஸ் ஸ்டேஷனைப் பார்த்தாலே அழுகிறான்.”

அவள் வகுப்பில் ஒரு பையனின் அப்பாவும் டயாலிசிஸ் போகிறவர். அவனிடம், “உங்க அப்பாவுக்கும் லட்டு ஆர்டர் பண்ணி வைங்க” என்று சொல்லியிருக்கிறாள். பையன் அழுதுவிட்டான். ஆசிரியை எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். சின்னப் பிள்ளை வாயில் சாவுப் பேச்சு வந்தால் வீட்டுக்கு ஆகாது, புத்தகத்தைத் தூக்கிப் போடு என்கிறார் என் அம்மா. டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டால், “தஞ்சோங் ரம்புத்தானுக்கா கூட்டிப் போகப் போறீங்க?” என்று மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லி மனைவி அழுகிறாள். லட்டு வரியைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொந்த அப்பா செத்ததை நினைத்துச் சிரித்துவிட்டேனே என்று அன்று இரவெல்லாம் தூக்கமில்லை. மகள் இப்போது அந்த எழுத்தாளரின் கதைப் புத்தகங்களையும் கேட்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புச் சகோதரருக்கு வணக்கம். உங்கள் அப்பாவின் பிரிவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவ்வளவு துக்கத்திலும் மகளின் நோட்டை உட்கார்ந்து படித்து, வரிகளை எடுத்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி ஓர் அப்பா இருப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு மனநோய் என்று நினைக்க இந்தக் கடிதத்தில் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நோட்டைக் கிழிக்கவோ ஒளித்துவைக்கவோ வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தில் அவளைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அவள் எழுதிய நான்கு வரிகளையும் பலமுறை படித்தேன். எதிலும் பொய் இல்லை. தாத்தாவை மட்டம் தட்டும் வரியும் இல்லை. லட்டு வரியில் மாட்டிக்கொள்பவர்கள் பெரியவர்கள். காற்றாடி வரியிலும் அவர்கள்தான். உயிரோடு இருந்தவரைக் கவனித்ததற்கும் போனவருக்குச் செய்ததற்கும் நடுவே இருந்த வித்தியாசத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஒரு பிள்ளை மட்டும் பார்த்துவிட்டாள். அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? சாவு வீட்டில் பெரியவர்களைக் குறை சொன்னால் அடி விழும். அழுதால், “அழாதேம்மா, பாட்டி பாவம்” என்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புத்தகம் கைக்கு வந்தது. மனத்தில் இருப்பதை இப்படியும் சொல்லலாம் என்று அது காட்டிக்கொடுத்தது, அவளும் பிடித்துக்கொண்டாள்.

வயதும் இதற்கு ஒரு காரணம். செத்தவர் திரும்பி வரமாட்டார், எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும், செத்த உடம்புக்குப் பசியோ வலியோ கிடையாது என்பதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதையொட்டிப் புரிய ஆரம்பித்து, பத்து வயதில் தெளிவாகிவிடும். கிண்டலைப் புரிந்துகொள்வது ஐந்தாறு வயதிலேயே தொடங்கினாலும், அதை ரசித்துத் தாங்களே கையாள எட்டு, பத்து வயதாகும். ஆக, சாவு முழுதாகப் புரிவதும் கிண்டல் கைவருவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. உங்கள் வீட்டில் சரியாக அந்த நேரத்தில் ஒரு சாவு. நோட்டில் இருப்பது இந்த மூன்றும் சேர்ந்து வந்தது.

இனி அந்த எழுத்தாளரைப் பற்றி. உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் இதை விளக்கிச் சொல்வது நல்லது, ஏனென்றால் பெயர் தெரியாத புத்தகத்தின் மேல்தான் பயம் அதிகம். லெமனி ஸ்னிக்கெட் என்பது புனைபெயர். எழுதுகிறவர் டேனியல் ஹேண்ட்லர், 1970இல் பிறந்த அமெரிக்கர், சான் பிரான்சிஸ்கோகாரர். 1999 முதல் 2006 வரை மூன்று அனாதைப் பிள்ளைகளின் கதையை 13 புத்தகங்களாக எழுதினார். 13 என்ற எண் ஆகாது என்பது அங்கே ஒரு நம்பிக்கை. கடைசிப் புத்தகம் வெளிவந்ததும் 2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. மகளிடம் இருக்கும் ‘ஹார்ஸ்ராடிஷ்’ 2007இல் வந்தது. வீடு, குடும்பம், பள்ளி, வேலை என்று தலைப்புகள் வைத்து, ஒவ்வொன்றிலும் கசப்பான உண்மைகளைச் சின்னச் சின்ன வரிகளில் சிரிப்போடு சொல்கிற தொகுப்பு அது.

பிள்ளைகளைப் பயமுறுத்திச் சிரிக்க வைக்கும் புத்தகம் புதிதும் இல்லை. 1844இல் பிராங்க்ஃபர்ட் நகரத்து டாக்டர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன், தம் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் படப் புத்தகம் தேடினார். கடையில் இருந்தது எதுவும் பிடிக்கவில்லை. தாமே படம் வரைந்து பாட்டெழுதிக் கொடுத்தார், மறு ஆண்டு அது அச்சானது. அதில் விரல் சூப்பும் பையனின் கட்டைவிரலைத் தையல்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுவான். ஆனால் அங்கே கெடுதல் வருவது பெரும்பாலும் சொல் பேச்சுக் கேட்காத பிள்ளைக்குத்தான்.

ஹேண்ட்லரின் கதையில் அந்தப் பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. வீடு எரிந்து அப்பா அம்மா இறந்துபோகிறார்கள். சொத்தைப் பிடுங்க ஒரு கெட்டவன் வேஷம் மாற்றி மாற்றித் துரத்துகிறான். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வங்கி அதிகாரி எப்போதும் இருமிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் சொல்வதைக் காதில் வாங்கமாட்டார். இதுதான் அந்த ஆள் என்று பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்ல, பெரியவர்கள் திரும்பத் திரும்ப நம்ப மறுப்பார்கள். சோகம் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. பெரியவள் ரிப்பனால் முடியைக் கட்டிக்கொண்டு எதையாவது கண்டுபிடிப்பாள், தம்பி படித்ததை நினைவில் வைத்து வழி சொல்வான், கைக்குழந்தை கடித்தே காரியம் சாதிக்கும். தப்பு செய்யாதவனுக்கும் கஷ்டம் வரும், பெரியவர்கள் எப்போதும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் உன்னால் ஏதாவது செய்ய முடியும் என்பதுதான் அதில் பிள்ளை எடுத்துக்கொள்வது. கெட்ட பாடமென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஹேண்ட்லரின் அப்பா ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போன யூத அகதி. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவருக்கு, நல்லவனாக இருந்தால் நல்லதே நடக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்ல எப்படி மனம் வரும்? நம்முடைய தோட்டத்துக் குடும்பங்களுக்கும் இது தெரியாத விஷயமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது, போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தக் காயம் ஆறுமுன்னே 1948 ஜூன் 16 அன்று உங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, முள்வேலியும் ஊரடங்கும் வந்தன. இதையெல்லாம் தாண்டி வந்த கிழவன் கிழவிகளின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அவர்கள் சாவைப் பற்றி எவ்வளவு சாதாரணமாக, எவ்வளவு சிரிப்போடு பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சாவு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒரு சாவென்றால் உள்ளே ஒப்பாரி, வெளியே பந்தலில் விடிய விடியச் சீட்டாட்டம், கடலை, காப்பி, செத்தவர் செய்த சேட்டைகளைப் பற்றிய கதை. ஒப்பாரி வைக்கும் பெண்களும் அழுகையோடு அழுகையாக, உயிரோடு உட்கார்ந்திருக்கும் மைத்துனனையும் நாத்தனாரையும் நாலு வார்த்தை குத்திவிடுவார்கள். யாரும் அதைப் பைத்தியம் என்று சொன்னதில்லை. பழமொழிகளில் எவ்வளவு கறுப்பான சிரிப்பு! ‘செத்தவன் வாயிலே மண், வீட்டார் வாயிலே சோறு’ என்று நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் செத்து ஆறாம் மாதம் மருமகளுக்குக் கண்ணீர் வந்ததாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகளின் லட்டு வரியை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையும் அப்படித்தான். பின்பக்கம் குளிர்ந்தால் சாவு வரும் என்று ஒருவன் சொன்னதை நம்பிய குரு, கடைசியில் செத்தே போகிறார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். இப்போது தமிழில் பிள்ளைகளுக்கென்று வரும் பெரும்பாலான கதைகளின் கடைசி வரியில் ஒரு நீதி உட்கார்ந்திருக்கிறது. பொய் சொல்லாதே, பெரியவர்களை மதி, ஒற்றுமையாக இரு. எல்லாம் சரிதான். ஆனால் தாத்தாவின் கால் எங்கே போனது என்று ராத்திரி முழுக்க யோசிக்கிற பிள்ளைக்கு அந்த நீதி எதையும் சொல்வதில்லை. அதனால்தான் அவள் பாதி புரியாத ஆங்கிலப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்று நினைக்கிறேன். நம் எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். அந்த நோட்டில் இரண்டு வரிகள் கேள்விகள். சிரிப்பு மேலே இருக்கிறது, கேள்வி அடியில் இருக்கிறது.

முதலாவது, கால். அறுவை சிகிச்சை நடந்தபோது அவளுக்கு எட்டு வயது. காலை ஏன் எடுத்தார்கள், தாத்தாவுக்கு வலித்ததா, எடுத்த காலை என்ன செய்தார்கள் என்று யாராவது சொன்னீர்களா? பெரும்பாலான வீடுகளில் சொல்வதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை, கேட்டால் பெரியவர்கள் முகம் மாறும் என்று தெரிந்துகொள்வார்கள். நீங்கள் சொல்லுங்கள். சர்க்கரை கூடினால் காலில் ரத்த ஓட்டம் குறையும், உணர்ச்சி மரத்துப்போகும், சின்னப் புண்கூட ஆறாது, அழுகல் மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து, அதனால் எடுத்தார்கள், மயக்க மருந்து கொடுத்ததால் வெட்டும்போது வலிக்கவில்லை. எடுத்த காலை மருத்துவமனையே அப்புறப்படுத்தியதா, நீங்கள் வாங்கிப் புதைத்தீர்களா, எது நடந்ததோ அதையே சொல்லுங்கள். உங்கள் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பத்து வயதுப் பிள்ளை உண்மையைத் தாங்கும். தனக்கும் இப்படி ஆகுமா, அப்பாவுக்கும் ஆகுமா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். குடும்பத்தில் இனிப்புநீர் இருக்கிறது, அதனால் நானும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன் என்று சொல்லி, உண்மையிலேயே போய்ச் செய்துகொள்ளுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) செய்வார்கள். அவள் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இரண்டாவது, தம்பி. இந்த வரியைப் படித்தபோது என் மனம் கனத்துவிட்டது. நான்கு வயதுப் பிள்ளையிடம் ‘ஊருக்குப் போயிருக்கார்’ என்றால், திரும்பி வருவார் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். வராவிட்டால் தாத்தாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைப்பான், அல்லது ஊருக்குப் போகிற எல்லோரும் காணாமல் போவார்கள் என்று பயப்படுவான். நீங்கள் லோரியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறானா என்று கவனியுங்கள். ‘தூங்குகிறார்’, ‘சாமிகிட்டப் போயிட்டார்’ என்பதும் அந்த வயதில் குழப்பம்தான். எளிமையாகச் சொல்லுங்கள்: தாத்தா செத்துப்போயிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுபோச்சு, இனி வரமாட்டார், நமக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதனால் அழுகை வருது. நாளைக்கு மறுபடி கேட்பான், அடுத்த வாரமும் கேட்பான். அதே பதிலையே சொல்லுங்கள். இதைச் சொல்லும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தம்பிக்குச் சொன்ன பொய் தப்பு என்று மூன்று மாதமாக அவள் ஒருத்திதான் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னது சரி என்று அப்பா வாயால் கேட்பது அவளுக்குப் பெரிய நிம்மதி.

இனி அந்த வகுப்புப் பையன். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தன் தாத்தாவைப் பற்றித் தன் நோட்டில் எழுதுவது அவள் துக்கம். அப்பாவை டயாலிசிஸுக்கு அனுப்பிவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் அப்படிச் சொன்னது கொடுமை. அவன் பயத்தோடு இருக்கிறான், அவன் அப்பா உயிரோடு இருக்கிறார். அடிக்கவோ எல்லோர் முன்னாலும் திட்டவோ வேண்டாம். தனியாக உட்கார வைத்து, “தாத்தா டயாலிசிஸ் போன காலத்தில் உன்கிட்ட யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். அவளுக்குப் புரியும், புத்திசாலிப் பிள்ளை. அந்தப் பையனிடம் அவளே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். பெரியவர்களின் போலித்தனத்தையோ தன் துக்கத்தையோ பார்த்துச் சிரிக்கலாம், கண்ணெதிரே வலியில் இருக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற ஒரு கோட்டை இப்போதே போட்டுவிடுங்கள். நடந்ததை ஆசிரியையிடமும் சொல்லுங்கள், பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

எதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேடிக்கை வரிகள் தாத்தாவை விட்டுத் தன் பக்கம் திரும்பினால் கவனியுங்கள். ‘நான் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது’, ‘நானும் தாத்தாகிட்டப் போயிடலாம்’ என்கிற மாதிரி எழுதினாலோ பேசினாலோ, அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம், சாப்பாடு கெட்டுப்போவது, பிடித்த விளையாட்டும் தோழிகளும் வேண்டாம் என்று ஒதுங்குவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது, காரணமில்லாத வயிற்றுவலி, இவை இரண்டு மூன்று வாரம் நீடித்தாலும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம்: “செத்துப்போயிடணும்னு உனக்குத் தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டால் பிள்ளைக்குச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பேசி ஆலோசனை கேட்க சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, பிள்ளைகள் தொடர்பான எதற்கும் தாலியான் காசே 15999.

உங்கள் மனைவியின் பயம் எனக்குப் புரிகிறது. பேராக்கில் பிறந்து வளர்ந்த யாருக்கும் புரியும். தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரைச் சொல்லியே நம்மைப் பயமுறுத்தி வளர்த்தார்கள். அங்கிருக்கும் பகாகியா மனநல மருத்துவமனை 1911இல் தொடங்கியது முதல், அந்தப் பெயர் ஒரு வசையாகவே நிலைத்துவிட்டது. அங்கே வேலை செய்கிறவர்களும் சிகிச்சை பெற்றுக் குணமாகிறவர்களும் அதற்கு எந்தப் பாவமும் செய்யவில்லை. துக்கத்தில் இருக்கும் பிள்ளையை ஆலோசகரிடம் காட்டுவதென்றால் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவது, படம் வரைவது, அவ்வளவுதான். கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலேயே பார்க்கலாம். இப்போதைக்கு உங்கள் மகளுக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. தேவைப்பட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் சிரித்ததைப் பற்றியும் பேச வேண்டும். ஆறு வருஷம் அப்பா தட்டிலிருந்து இனிப்பை எடுத்து வைத்தது நீங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அவர் அந்த இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தபோது வெளியே காத்திருந்ததும் நீங்களாகவோ உங்கள் மனைவியாகவோதான் இருக்க வேண்டும். அவர் ஆசைப்பட்ட லட்டைக் கடைசியில் இலையில் வைக்கும்போது, உயிரோடு இருந்தபோது ஒரு துண்டாவது கொடுத்திருக்கலாமே என்று ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்காதா? அதை மகள் எழுதிவிட்டாள். நீங்கள் சிரித்தது அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியதால் வந்த சிரிப்பு. இனிப்பைத் தடுத்தது அன்பினால், இலையில் வைத்ததும் அன்பினால். இரண்டும் உண்மை. அதை அவளிடம் சொல்லுங்கள். “அந்த வரியைப் படிச்சு அப்பா சிரிச்சேன், அப்புறம் ராத்திரியெல்லாம் தூக்கம் வரல” என்று சொன்னாலே போதும். உங்கள் கடிதத்தில் மனைவி அழுகிறார், மகன் அழுகிறான், வகுப்புப் பையன்கூட அழுகிறான். நீங்கள் அழுததாக ஒரு வார்த்தை இல்லை. அவர் உங்கள் அப்பா. உங்களுக்கும் அழ இடம் வேண்டும்.

உங்கள் அம்மாவோடு வாதம் செய்யாதீர்கள். கணவனை இழந்து மூன்று மாதமான பெண்ணிடம் அபசகுனம் என்று ஒன்றும் இல்லை என நிரூபித்து ஆகப்போவது என்ன? கால் பற்றிய வரி அவருக்கு வலிக்கும், அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவர் அவராகத்தான் இருப்பார். நோட்டைப் பாட்டி முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். எழுதக்கூடாது என்பது வேறு, எங்கே படிப்பது என்பது வேறு. பத்து வயதுக்கு அந்த வித்தியாசம் புரியும். அதற்குப் பதிலாகத் தாத்தாவைப் பற்றிப் பாட்டியிடம் கதை கேட்கச் சொல்லுங்கள். பால்வெட்டுக் காலத்துக் கதைகளில் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது. அவற்றையும் அவள் அதே நோட்டில் எழுதட்டும். நோட்டை இனிமேல் அவள் அனுமதி கேட்டே படியுங்கள், ஏற்கெனவே படித்ததையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கதைப் புத்தகங்கள். வாங்கிக் கொடுங்கள், ஆனால் 13ஐயும் மொத்தமாக வேண்டாம். முதல் புத்தகத்தை மட்டும் வாங்கி, அவளுக்கு முன்னால் உங்கள் தங்கையைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் பெற்றோர் தீயில் இறப்பது முதலிலேயே வந்துவிடும். சொத்துக்காக 14 வயதுப் பெண்ணை அந்தக் கெட்டவன் நாடகம் என்ற பெயரில் கல்யாணம் செய்துகொள்ளப் பார்ப்பான். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்கும் விதத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனாலும் அந்த இடம் வரும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆங்கிலம் கொஞ்சம் கடினம். கடினமான சொல் வந்தால் ஆசிரியரே கதைக்கு நடுவில் நின்று தமக்கே உரிய முறையில் விளக்கிவிடுவார், அதனால் அவளுக்கு மொழியும் வளரும். ராத்திரி நீங்கள் லோரி வேலை முடித்துக் களைத்து வந்திருப்பீர்கள், நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். அவள் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு, என்ன நடந்தது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். அந்த இருமல்கார வங்கி அதிகாரி வரும் இடத்தில், “எந்தப் பெரியவங்க இந்த மாதிரி நீ சொல்றதைக் கேட்காம இருந்தாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் உங்கள் பெயரும் வரலாம். குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள்.